காரில் விழுந்த கீறலை வீட்டிலேயே சரிசெய்வதும் நிறத்தைப் பொருத்துவதும்: முழுமையான வழிகாட்டி

பார்க்கிங்கில் பைக்கின் பிரேக் லீவர் உரசிய கோடு, கிராமத்துச் சாலையில் சீமைக் கருவேல முள் இழுத்த கோடு, கேட்டுக்குள் திருப்பும்போது சுவரில் தேய்ந்த பம்பர். பார்வைக்கு எல்லாமே கீறல்தான். ஆனால் முள் இழுத்ததில் பெரும்பாலானவற்றுக்குப் பெயிண்டே தேவைப்படாது, பிரேக் லீவர் கோட்டுக்குச் சில சொட்டுப் பெயிண்ட் போதும், பம்பருக்குத்தான் ஸ்ப்ரே. வீட்டில் செய்து கெட்டுப்போகும் வேலைகளில் பல, தேவையில்லாத இடத்தில் பெயிண்ட் பூசியதாலோ, சரியான நிறக் குறியீட்டில் வாங்கிய பெயிண்டைத் தவறாகப் பூசியதாலோ கெட்டவை.

முதலில் கழுவிவிட்டு ஆழத்தைப் பாருங்கள்

தகட்டின் மேல் முதலில் துருவைத் தடுக்கும் இ-கோட், அதன்மேல் பிரைமர், பிறகு நிறம் தரும் பேஸ் கோட், எல்லாவற்றுக்கும் மேலே நிறமில்லாத கிளியர் கோட். இத்தனையும் சேர்ந்தே பொதுவாக 100 முதல் 150 மைக்ரான்தான். அதில் கிளியர் சுமார் 40 மைக்ரான், நிறம் வெறும் 15 முதல் 20. ஒரு தலைமுடியின் பருமன் ஏறக்குறைய 70 மைக்ரான் என்பதை மனதில் வைத்துக்கொண்டால், காம்பவுண்டை (கீறலைத் தேய்த்து எடுக்கும் பசை) எடுத்து அழுத்தித் தேய்க்கக் கை தயங்கும். தயங்கத்தான் வேண்டும்.

கார் ஷாம்பூ போட்டுக் கழுவி, மைக்ரோஃபைபர் துணியால் ஈரத்தை ஒற்றி எடுங்கள். போர்வெல் தண்ணீராக இருந்தால் தானாகக் காயவிடக் கூடாது. உப்பு படிந்து வெள்ளைத் திட்டாக நிற்கும், கீறல் எது உப்பு எது என்று தெரியாது. பிறகு மூன்று சோதனைகள்.

கீறலின் மேல் தண்ணீர் தெளியுங்கள். ஈரம் இருக்கும்வரை கோடு மறைந்து, காய்ந்ததும் திரும்பத் தெரிந்தால் கிளியரில் மட்டும்தான் காயம். அடுத்து, நகத்தைக் குறுக்கே மெல்ல இழுங்கள். நகம் வழுக்கிப் போனால் பாலிஷில் போய்விடும். தட்டி நின்றால் பெயிண்ட் தேவைப்படலாம். கடைசியாக, கோட்டின் அடியில் என்ன நிறம் என்று டார்ச் அடித்துப் பாருங்கள். சாம்பலோ வெளிர் நிறமோ சீராகத் தெரிந்தால் பிரைமர்வரை போயிருக்கிறது. பளபளப்பாகவோ பழுப்பாகவோ இருந்தால் தகடு. பம்பரில் கறுப்பாகத் தெரிந்தால் அது பிளாஸ்டிக்.

இன்னொன்றும் உண்டு. கீறல் மாதிரியே தெரிவது சில சமயம் கீறலே அல்ல, மேலே ஒட்டிக்கொண்ட சுவர்ப் பெயிண்டோ எதிர் வண்டியின் பெயிண்டோதான். ஐசோப்ரொபைல் ஆல்கஹாலிலோ டர்பன்டைனிலோ துணியை நனைத்துத் துடைத்தால் பாதி வந்துவிடும், மீதி காம்பவுண்டில் போகும். தின்னரைத் தொடாதீர்கள், அது முன்பு ரீ-பெயிண்ட் செய்த பகுதியை நொடியில் கரைத்துவிடும்.

பற்பசை, தேங்காய் எண்ணெய், நகப்பாலிஷ் பற்றி ஒரு வார்த்தை. எண்ணெய் கோட்டை நிரப்பி மறைக்கும், அடுத்த கழுவலில் கோடு திரும்பி வரும். பற்பசை மென்மையான தேய்ப்பான். லேசான உராய்வுக்கு ஓரளவு வேலை செய்யும், ஆனால் அதைவிட நூறு மடங்கு சீரானது காம்பவுண்ட். நகப்பாலிஷ் வெயிலில் நிறம் மாறும், உரியும், பின்னால் அதைச் சுரண்டி எடுப்பது தனி வேலை.

கிளியரோடு நின்ற கீறல்

தேவையானவை: 2000, 3000 எண் வாட்டர் பேப்பர் (நனைத்துத் தேய்க்கும் உப்புத்தாள், எண் கூடக்கூட மென்மை), தேய்க்கும் காம்பவுண்ட் (3எம், மெகுயார்ஸ், டர்ட்டில் வாக்ஸ் எதுவானாலும் சரி), மெல்லிய பாலிஷ், மாஸ்கிங் டேப், மூன்று நான்கு மைக்ரோஃபைபர் துணி.

எப்போதும் காம்பவுண்டில் தொடங்குங்கள், பேப்பரில் அல்ல. பட்டாணி அளவு காம்பவுண்டை அப்ளிகேட்டர் பேடில் எடுத்து, ஒரு கை அகல இடத்தில் குறுக்கும் நெடுக்குமாகத் தேயுங்கள். வட்ட வட்டமாகத் தேய்த்தால் வெயிலில் வளையங்கள் தெரியும். இரண்டு மூன்று சுற்றில் போகவில்லை என்றால் மட்டும் பேப்பர்.

பேப்பரைச் சோப்புத் தண்ணீரில் 15 நிமிடம் ஊறவைத்து, விரலால் அல்ல, சின்ன ரப்பர் பிளாக்கில் சுற்றித் தேய்க்க வேண்டும். விரலால் தேய்த்தால் விரல் பட்ட கோடு மட்டும் பள்ளமாகும். 2000-இல் பத்துப் பதினைந்து இழுப்பு, துடைத்துப் பார்ப்பது, தேவைப்பட்டால் இன்னும் கொஞ்சம். அதன் கோடுகளை 3000-ஆல் எடுத்து, காம்பவுண்ட், பாலிஷ் என்று வரிசையாகப் போங்கள். கோடு முழுதும் போகும்வரை தேய்ப்பதில்லை. கோட்டின் விளிம்பு மழுங்கினாலே வெளிச்சம் அதில் சிக்காது, இரண்டடி தள்ளி நின்றால் தெரியாது. கிளியரில் கால் பங்குக்கு மேல் இழந்தால் வெயிலைத் தாங்கும் சக்தி குறைந்து, ஒன்றிரண்டு கோடையில் அந்த இடம் வெளிறி உரியத் தொடங்கும்.

பேப்பரில் வரும் பால் வெள்ளையைக் கவனியுங்கள். அது கிளியர். காரின் நிறமே பேப்பரில் வந்தால் கிளியர் முடிந்துவிட்டது, அந்த நொடியில் நிறுத்துங்கள். வெள்ளை காரில் இந்த எச்சரிக்கை கண்ணில் படாது என்பதால் இழுப்புகளை எண்ணிக்கொண்டே தேய்ப்பது நல்லது. பழைய அம்பாசடர் போன்ற வண்டிகளில் தனிக் கிளியர் கிடையாது; அங்கே துணியில் நிறம் வருவது இயல்புதான். பானெட்டின் மடிப்பு, கதவின் விளிம்பு, பாடி லைன் ஆகிய இடங்களில் பெயிண்ட் எப்போதும் மெல்லியதாக இருக்கும். அவற்றின் மேல் டேப் ஒட்டிவிட்டே பக்கத்தில் தேய்க்க வேண்டும்.

நிறத்தைக் கண்டுபிடிப்பது

வண்ணப் பெயரை வைத்துப் பெயிண்ட் வாங்காதீர்கள், குறியீட்டை வைத்து வாங்குங்கள். டொயோட்டாவில் ஓட்டுநர் கதவுப் பக்கத் தூணில் உள்ள தகட்டில் 'சி/டிஆர்' என்ற எழுத்துகளுக்குப் பக்கத்தில் இருக்கும்; 040 என்றால் சூப்பர் ஒயிட், 1எஃப்7 என்றால் சில்வர். ஹோண்டாவிலும் கதவுத் தூணில்தான். என்ஹெச்578 என்பது டஃபெட்டா ஒயிட். ஃபோக்ஸ்வாகன், ஸ்கோடா என்றால் டிக்கியில் ஸ்டெப்னி வைக்கும் பள்ளத்தில் ஒட்டிய ஸ்டிக்கரைப் பாருங்கள். எல்பி9ஏ என்பது கேண்டி ஒயிட். மாருதியில் 26யு சுப்பீரியர் ஒயிட், இசட்2எஸ் சில்க்கி சில்வர். வண்டியில் எங்கும் தட்டுப்படவில்லையா? ஆர்.சி.யில் உள்ள சேசிஸ் எண்ணைக் கொண்டு டீலரின் ஸ்பேர் பார்ட்ஸ் கவுண்டரில் கேளுங்கள்.

குறியீடு கிடைத்ததும் பாதி வேலைதான் முடிந்தது. ஒரே குறியீட்டுக்கே பெயிண்ட் நிறுவனங்கள் பல மாற்றுக் கலவைகளை வைத்திருக்கும்: கொஞ்சம் நீலம் தூக்கலாக, கொஞ்சம் மஞ்சள் தூக்கலாக. தொழிற்சாலையில் ஒரு தொகுதிக்கும் இன்னொரு தொகுதிக்கும் நிறம் லேசாக மாறும் என்பதே காரணம். அதற்கு மேல் நம் வெயில். சிவப்பு வெளிறும், வெள்ளை மஞ்சள் தட்டும். எட்டு வருட வண்டிக்குப் புது வண்டியின் நிறத்தைப் பூசினால் பளிச்சென்று தனித்துத் தெரியும்.

எனவே பெட்ரோல் டேங்க் மூடியின் வெளிக்கதவைக் கழற்றிக் கையோடு கொண்டுபோங்கள். பெரும்பாலான வண்டிகளில் அது இரண்டு ஸ்க்ரூவிலோ கிளிப்பிலோதான் நிற்கும். கொண்டுபோகும் முன் அதைக் காம்பவுண்ட் போட்டுச் சுத்தமாக்குங்கள். மேலே படிந்த வெளிறலோடு கொடுத்தால் கலவைக்காரர் அந்த வெளிறலுக்குப் பொருத்திவிடுவார். பிபிஜி ஏஷியன் பெயிண்ட்ஸ், நிப்பான், நெரோலாக் போன்றவற்றின் கார் பெயிண்ட் கலந்து தரும் கடைகளில் சாயல் அட்டைகள் இருக்கும். சில இடங்களில் நிறத்தை அளக்கும் கருவியும் உண்டு. சென்னையில் ஜெனரல் பேட்டர்ஸ் ரோடு பக்கம் ஸ்பேர் வாங்கப் போகிறவர்கள் அப்படியே இதையும் விசாரிக்கலாம்.

கடையில் 'என்.சி.யா, பி.யு.வா?' என்று கேட்பார்கள். என்.சி. (நைட்ரோசெல்லுலோஸ்) என்பது சீக்கிரம் காயும் மலிவான பெயிண்ட், ஆனால் மினுக்கம் சீக்கிரம் போகும், பெட்ரோல் பட்டாலே கரையும். பேஸ் கோட்டும் அதற்கு மேலே பி.யு. (பாலியூரித்தேன்) கிளியரும் கேட்டு வாங்குங்கள். எந்தத் தின்னர் என்பதையும் அதே கடையில் அதே வகையில் கேளுங்கள். பேஸ் 100 மில்லி இருந்தால் ஒரு பம்பர் மூலைக்குப் போதும். சில கடைகளில் கலந்த பெயிண்டை ஸ்ப்ரே டப்பாவில் அடைத்தும் தருவார்கள். கம்ப்ரசர் இல்லாத வீட்டுக்கு அதுதான் வசதி.

சோதனை அட்டை இல்லாமல் காரில் பூசாதீர்கள்

அதிகம் பேர் தாண்டிப் போவது இந்தப் படியை. பிரைமர் பூசிய ஒரு தகரத் துண்டிலோ தடித்த அட்டையிலோ, காரில் எப்படிப் பூசப் போகிறீர்களோ அதே தூரத்தில், அதே எண்ணிக்கையில் பேஸ் அடியுங்கள். காய்ந்ததும் பாதியில் மட்டும் கிளியர். கிளியர் இல்லாத பேஸ் மங்கலாகவும் வெளிறியும் இருக்கும். அதைப் பார்த்து 'நிறம் தப்பு' என்று கடைக்காரரிடம் சண்டைக்குப் போகிறவர்கள் உண்டு. கிளியர் பட்ட பாதியைத்தான் ஒப்பிட வேண்டும்.

அட்டையைக் கீறல் பக்கத்தில், பாடியின் சாய்விலேயே ஒட்டிவைத்து, வெளியில் நிழலில் பாருங்கள். ட்யூப்லைட்டில் பொருந்திய நிறம் பகலில் பிரிந்து தெரியலாம். நேராக ஒருமுறை, 45 பாகையில் ஒருமுறை, பாடியோடு கண்ணை ஒட்டி நீளவாக்கில் ஒருமுறை. மினுக்குத் துகள் கலக்காத சாலிட் வெள்ளை, சாலிட் சிவப்பு என்றால் மூன்றிலும் ஒன்றுபோல இருக்கும். சில்வர், கிரே போன்ற மெட்டாலிக்கில்தான் சிக்கல். பெயிண்டுக்குள் இருக்கும் அலுமினியத் துகள்கள் படுத்திருந்தால் நேர்ப் பார்வையில் வெளிச்சமாகவும், குத்திட்டு நின்றால் கருமையாகவும் தெரியும். ஈரமாக, கனமாக அடித்தால் துகள்கள் மிதந்து தாறுமாறாக நிற்கும், நிறம் கருக்கும். சற்றுத் தள்ளி நின்று மெல்லியதாக அடித்தால் துகள்கள் படுக்கும், நிறம் வெளுக்கும். அதாவது நேரே பார்க்கும்போது அட்டை கொஞ்சம் கருமையாக இருந்தால் பெயிண்டை மாற்றுவதற்கு முன் அடிக்கும் தூரத்தை மாற்றிப் பாருங்கள். பெரும்பாலும் அதிலேயே சரியாகிவிடும்.

பம்பரோடு ஒப்பிட்டுக் கதவின் நிறத்தைத் தீர்மானிக்க வேண்டாம். புது வண்டியிலேயே பிளாஸ்டிக் பம்பரும் தகடும் அரை சாயல் வித்தியாசப்படுவதுண்டு.

பிரைமர், தகடுவரை போன மெல்லிய கோடு

கோட்டின் இருபுறமும் ஒரு மில்லிமீட்டர் விட்டு டேப் ஒட்டுங்கள். துரு இருந்தால் 400 எண் பேப்பரை மடித்து, அதன் முனையால் கோட்டுக்குள் மட்டும் சுரண்டி, துரு மேலும் பரவாமல் நிறுத்தும் ரஸ்ட் கன்வர்ட்டர் ஒரு சொட்டு விட்டு, டப்பாவில் சொன்ன நேரம் காயவையுங்கள். கடலோர ஊர்களில் சுரண்டிய தகடு சில மணி நேரத்திலேயே மீண்டும் பழுப்பாகும். காலையில் சுரண்டியதற்கு அன்றே பிரைமர் வைத்துவிட வேண்டும். ஆல்கஹாலால் துடைத்த பின் கையால் தொடாதீர்கள். பெட்ரோலால் துடைப்பது பழைய வழக்கம், ஆனால் அது எண்ணெய்ப் படலத்தை விட்டுச்செல்லும், மேலே வைக்கும் பெயிண்ட் ஒட்டாது.

சின்னக் கீறலுக்கென்று விற்கும் டச்-அப் பெயிண்ட் பாட்டிலோடு வரும் பிரஷ் இந்த வேலைக்கு ரொம்பத் தடிமன். மூன்று சைபர் ஓவியப் பிரஷ்ஷோ பல்குத்தும் குச்சியோ போதும். பெயிண்ட் கெட்டியாக இருந்தால் பத்துச் சொட்டுக்கு இரண்டு மூன்று சொட்டு அதற்குரிய தின்னர். கோட்டின் ஒரு முனையில் சொட்டைத் தொட்டு வைத்தால் அது தானாக ஓடி நிரம்பும். இழுத்துப் பூசக் கூடாது. பிரைமர் ஒரு படலம் வைத்து ஒரு மணி நேரம் விடுங்கள். பிறகு பேஸ் இரண்டு மூன்று படலம், ஒவ்வொன்றுக்கும் இடையில் அரை மணி நேரம். சுற்றியுள்ள மட்டத்துக்குச் சற்றுக் கீழேயே பேஸை நிறுத்திக்கொண்டு, மீதியைக் கிளியரால் லேசான மேடாக நிரப்புங்கள். பேஸையே மேடாக்கினால் பின்னால் தேய்க்கும்போது நிறம்தான் தேயும், கிளியர் மேலே இருக்காது.

மெட்டாலிக்கைப் பிரஷ்ஷால் வைத்தால் சற்றுக் கருமையாகத்தான் தெரியும், துகள்களைப் படுக்கவைக்க வழியில்லை. கோடு மெல்லியதாக இருக்கும்வரை கண்ணை உறுத்தாது.

ஒரு வாரம் விடுங்கள். பிறகு 2000 பேப்பரைச் சின்ன பிளாக்கில் ஒட்டி, மேட்டை மட்டும் மட்டப்படுத்தி, 3000, காம்பவுண்ட். மறுநாளே தேய்த்தால் உள்ளே ஈரமாக இருக்கும் பெயிண்ட் கோட்டிலிருந்து பிடுங்கிக்கொண்டு வந்துவிடும்.

அகலமான உராய்வு: ஸ்ப்ரே

உள்ளங்கை அளவுக்கு மேல், ஓர் ஏ4 தாள் அளவுக்குள் இருந்தால் வீட்டில் முயலலாம். காலை ஏழு மணிவாக்கில், காற்றில்லாத நிழலில் செய்யுங்கள். தகட்டைத் தொட்டால் கை சுடக் கூடாது. சூடான தகட்டில் பெயிண்ட் மேலே தோல் கட்டி உள்ளே குமிழி விடும். மழை நாளில் அடித்தால் ஈரத்தை இழுத்துப் பால் பூத்தது போல வெளுக்கும். பக்கத்தில் யாரும் டேஷ்போர்டு பாலிஷோ டயர் ஷைனோ அடிக்கக் கூடாது. அதிலுள்ள சிலிக்கான் பட்ட இடத்தில் பெயிண்ட் விலகி மீன்கண் போன்ற வட்டப் பள்ளங்கள் விழும்.

காயத்தின் விளிம்பை 400 எண் பேப்பரால், பிறகு 800-ஆல் தேய்த்து, கண்ணை மூடிக்கொண்டு தடவினாலும் படி தெரியாத அளவுக்குச் சரிவாக்குங்கள். சின்னப் பள்ளம் இருந்தால் அதை நிரப்பும் பட்டியை (புட்டி) மெல்லிய படலமாக வைத்துத் தேயுங்கள். பட்டியை நேரடியாகப் பேஸால் மூடினால் சில வாரங்களில் அந்த இடம் சுருங்கி வரைபடம் போலத் தெரியும், நடுவில் பிரைமர் அவசியம். பிரைமர் இரண்டு படலம், காய்ந்ததும் 800-ஆல் ஈரத் தேய்ப்பு. பேஸ் மங்கி முடியும் பகுதியையும் அதைத் தாண்டிக் கிளியர் போகும் பகுதியையும் 2000-ஆல் மினுக்கம் போகத் தேயுங்கள், இல்லாவிட்டால் கிளியர் ஓரத்தில் உரியும்.

மாஸ்கிங் டேப்பை வேலை செய்யும் இடத்துக்கு மிக அருகில் நேர்க்கோடாக ஒட்டினால் அந்தக் கோடு நிரந்தரமாகத் தெரியும். பேப்பரை உள்ளே மடித்து, விளிம்பு தூக்கலாக நிற்கும்படி ஒட்டுங்கள்.

டப்பாவை உள்ளே குண்டு ஆடும் சத்தம் வந்த பிறகும் இரண்டு நிமிடம் குலுக்குங்கள். 20 முதல் 25 சென்டிமீட்டர் தூரம். காயத்துக்கு வெளியே அமுக்கத் தொடங்கி, கடந்து, வெளியே விட வேண்டும். ஒவ்வொரு வீச்சும் முந்தையதில் பாதியை மூட வேண்டும். முதல் படலத்தில் பிரைமர் தெரியத்தான் செய்யும், பொறுத்துக்கொள்ளுங்கள். 10 முதல் 15 நிமிட இடைவெளியில் மூன்று படலம், ஒவ்வொன்றும் முந்தையதைவிட இரண்டு விரற்கடை அகலமாக. மெட்டாலிக் என்றால் கடைசியாக 30 சென்டிமீட்டரிலிருந்து தூவுவது போல ஒரு வீச்சு. துகள்கள் படுப்பதும் பழைய பெயிண்டோடு கலப்பதும் இதில்தான்.

கிளியரைப் பேனலின் விளிம்புவரை, அதாவது பம்பர் முடியும் இடம்வரை அல்லது கதவு முடியும் இடம்வரை கொண்டுபோவதே சிறப்பு. நடுவில் நிறுத்தினால் அந்த ஓரம் ஒரு நாள் உரியும். முதல் படலம் மெல்லியது, 10 நிமிடம் கழித்து இரண்டு ஈரப் படலம். டப்பாவின் அடியில் ஊசியை அமுக்கி, இறுகவைக்கும் ஹார்டனரைக் கலக்கும் 2கே கிளியர் பெட்ரோலையும் வெயிலையும் நன்றாகத் தாங்கும். ஆனால் அதில் ஐசோசயனேட் உண்டு, நுரையீரலுக்குள் போனால் ஆஸ்துமாவைக் கொண்டுவரும். துணி மாஸ்க்கும் சர்ஜிகல் மாஸ்க்கும் இதைத் தடுக்காது. ஆவியைத் தடுக்கும் கார்ட்ரிட்ஜ் மாஸ்க், கண்ணாடி, கையுறை மூன்றும் இல்லையென்றால் ஹார்டனர் இல்லாத சாதாரண 1கே கிளியரோடு நின்றுகொள்ளுங்கள். எந்த ஸ்ப்ரேயானாலும் பக்கத்தில் அடுப்போ விளக்கோ எரியக் கூடாது.

வழிந்து கண்ணீர் போல நின்றால் துடைக்காதீர்கள். முழுதும் இறுகிய பிறகு 1500-இல் பிளாக் வைத்து மட்டப்படுத்தலாம். ஆரஞ்சுத் தோல் போல வந்தாலும் அதே வைத்தியம், 2000-இல் தொடங்கி. பூசிய சில நொடியில் சுருங்கி நெளிந்தால் கீழே உள்ள பழைய பெயிண்டைத் தின்னர் தாக்கியிருக்கிறது. காயவைத்து, தேய்த்து, பிரைமரிலிருந்து மீண்டும், இந்தமுறை மெல்லிய படலங்களாக.

பம்பரில் கறுப்புப் பிளாஸ்டிக் தெரிந்தால் சாதாரண பிரைமர் ஒட்டாது. முதலில் பிளாஸ்டிக்குக்கான ஒட்டுப் பிரைமர் ஒரு மெல்லிய படலம். தகட்டுக்கான பட்டியும் இங்கே கூடாது, பம்பர் வளையும்போது வெடித்துவிடும். பார்க்கிங் சென்சார் முகத்தின் மேல் டேப் ஒட்டிவிடுங்கள். பின்னால் ரேடார் இருக்கும் பம்பரில் பட்டி வைப்பதோ தடிமனாகப் பூசுவதோ ரேடாரைக் குழப்பும், அதை ஒர்க்‌ஷாப்புக்கு விட்டுவிடலாம்.

மூன்றடுக்குப் பேர்ல் நிறங்களையும் விட்டுவிடுங்கள். டொயோட்டாவின் 070 ஒயிட் பேர்ல் கிரிஸ்டல் ஷைன் போன்றவற்றில் வெள்ளை பேஸ், அதன்மேல் பேர்ல் படலம், பிறகு கிளியர். நடுப்படலம் ஒன்று கூடினாலே நிறம் மாறிவிடும், தொழில்காரர்களே சோதனை அட்டை அட்டையாக அடித்துப் பார்ப்பார்கள். இன்ஷூரன்ஸ் கிளைம் செய்ய நினைத்தால் முதலில் கணக்குப் போடுங்கள்: கிளைம் இல்லாத வருடங்களுக்கு பிரீமியத்தில் 20 முதல் 50 சதவீதம்வரை தள்ளுபடியாகக் கிடைக்கும் நோ கிளைம் போனஸ் போய்விட்டால், ஒற்றைப் பேனல் பெயிண்டிங் செலவைவிட அது பெரிதாக இருக்கலாம்.

1கே கிளியர் என்றால் ஒரு வாரம், 2கே என்றால் இரண்டு நாள் கழித்துப் பாலிஷ் போடலாம். வாக்ஸ் ஒரு மாதத்துக்குப் பிறகுதான். அதுவரை கார் கவரும் போடாதீர்கள், பறவை எச்சம் விழுந்தால் உடனே தண்ணீர் ஊற்றி எடுங்கள். மீந்த பேஸைக் காற்றுப் புகாத சின்னக் கண்ணாடிப் பாட்டிலில் விளிம்புவரை ஊற்றி, மேலே குறியீடும் தேதியும் எழுதி வீட்டுக்குள் நிழலில் வையுங்கள். மெட்டாலிக் துகள்கள் அடியில் இறுகிவிடும் என்பதால் உள்ளே ஒரு சைக்கிள் பேரிங் குண்டைப் போட்டுவைத்தால் அடுத்தமுறை குலுக்கும்போது கலந்துவிடும். ஹார்டனர் கலந்துவிட்ட கிளியரை வைத்துக்கொள்ள முடியாது, நம் வெப்பத்தில் அன்றே தீர்த்துவிட வேண்டியதுதான்.